முதலில் கையைக் கழுவுங்கள்

வீட்டு வாசலிலேயே தங்கள் டீசல் காருக்கு நாசில் மாற்றத் துணிந்திருக்கும் நண்பர்களுக்கு,



ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் தூக்கி நிறுத்தி, ஸ்பேனர்களைத் தரையில் பரப்பி, செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு நிற்கும் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பதின்மூன்று வருடமான, நான்கு சிலிண்டர் டீசல் கார் என்னுடையது. சென்ற ஆண்டு அதன் மூன்றாம் சிலிண்டர் நாசிலை வீட்டிலேயே கழற்றி மாற்றினேன். வண்டி இன்றைக்கும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் அந்த வேலையில் இறங்கும் முன் எனக்குத் தெரியாமலிருந்தவை பல. அவற்றில் ஒன்று தெரியாமலே போயிருந்தால் என் விரல் போயிருக்கும். அதை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

‘வீட்டில் செய்யவே கூடாது’ என்று தடுக்க வரவில்லை. செய்யலாம். நாசிலைக் கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும் பொறுமையும் சுத்தமும் உள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடிய வேலை. நாசிலை அழுத்தத்தில் வைத்துச் சோதிப்பதும், அதைப் பிரித்துப் பார்ப்பதும் பம்ப் கடையின் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டுகிறவர்கள் பணத்தை இழக்கிறார்கள். சிலர் கையையும் இழக்கிறார்கள்.

ஏன் இந்த வேலைக்கு வந்தோம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது சின்ன டீசல் கார்கள் பலவற்றின் கதை முடிந்தது. மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதற்கு முன் வாங்கிய, லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும் வண்டியை விற்க மனம் வருவதில்லை. விற்கப் போனாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்த வண்டிக்கு, ‘நாலு நாசிலும் மாத்தணும், அறுபதாயிரம் ஆகும்’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் என்ன செய்வது? எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீர்கள்.

முதலில் அழுத்தத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகத்துக்கு லாரிக் காலத்திலிருந்தே நம் ஊரில் ‘நாசில்’ என்று பெயர். புத்தகத்தில் இன்ஜெக்டர். பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கும் பொருள் அடியோடு மாறிவிட்டது. பழைய டீசல் வண்டியில் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலைத் தள்ளும். ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வந்ததும் நாசிலின் ஸ்பிரிங் விலகிப் பீய்ச்சும். அடுத்த நொடியே குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் முறை வந்தது. ஃபியட் குழுமம் வளர்த்தெடுத்த அந்த முறையை வாங்கிப் பெரிய அளவில் தயாரித்தது பாஷ். இதில் எல்லா நாசிலுக்கும் பொதுவாக ஒரே எஃகுக் குழாய். அதில் டீசல் எந்நேரமும் உச்ச அழுத்தத்தில் அடைந்து கிடக்கும். எந்த நாசில் எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். ஹூண்டாய் தன் கார்களுக்கு வைத்த சிஆர்டிஐ என்ற பெயரையே நம் மெக்கானிக்குகள் இந்த வகை வண்டி எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

அந்த அழுத்தம் எவ்வளவு? அடுப்படியில் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருப்பது வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு பார் கூடுதல். கார் டயரில் நாம் நிரப்பும் 32 பிஎஸ்ஐ என்பது இரண்டேகால் பார். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய காமன் ரெயில் காரில், வண்டி சும்மா நின்று ஓடும்போதே 250 பாருக்கு மேல் இருக்கும். ஏற்றத்தில் மிதிக்கும்போது 1,600 பார் வரை போகும். அதாவது 23,000 பிஎஸ்ஐ. மனிதத் தோலைத் துளைக்க 100 பிஎஸ்ஐ போதும்.

இப்போது நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வண்டி ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்றால் பழைய மெக்கானிக் என்ன செய்வார்? இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் கால் சுற்றுத் தளர்த்துவார். தளர்த்தியும் இன்ஜின் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பழைய பம்ப் வண்டியில் தலைமுறை தலைமுறையாக நடந்த சோதனை இது. மாட்டடோரிலும் அம்பாசடர் டீசலிலும் இதைப் பார்த்துத்தான் நம்மில் பலருக்கு மெக்கானிக் வேலையில் ஆசையே வந்தது. எனக்கும் அப்படித்தான். அதே சோதனையைக் காமன் ரெயில் வண்டியில் செய்தால், அந்த நட்டிலிருந்து வெளிவரும் டீசல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய ஊசியாகப் பாயும். கையுறை போட்டிருந்தாலும் நிற்காது.

நான் செய்ய இருந்தது அதைத்தான். செய்யவிடாமல் காத்தவர் நாமக்கல் பக்கம் லாரிகளுக்கு நாசில் பார்த்தே நாற்பது வருடம் கழித்த ஒரு பம்ப் கடைக்காரர். ‘எந்தச் சிலிண்டர்னு நட்டைத் தளர்த்திப் பார்த்துட்டுக் கொண்டு வர்றேண்ணா’ என்று போனில் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது. ‘தம்பி, வண்டியை ஆஃப் பண்ணுங்க. நட்டைத் தொடாதீங்க. நேரா இங்க வாங்க, பேசிக்கலாம்’ என்றார். போனேன். கடை மேசையில் ஒரு தாளை வைத்து, இரண்டு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். இந்த மடலில் இருக்கும் நல்லவை பலவும் அந்த அண்ணன் கொடுத்தவை.

அவர் கேட்ட முதல் கேள்வி, ‘நாசில்தான் போச்சுன்னு எப்படித் தெரியும்?’ என்பது.

நண்பர்களே, அதே கேள்வியை உங்களுக்கும் வைக்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது, நின்று ஓடும்போது குலுங்குவது, கரும்புகை, ‘டக் டக்’ என்று ஆணி அடிப்பதுபோன்ற சத்தம், மைலேஜ் குறைவது என எல்லாவற்றுக்கும் நாசில் காரணமாக இருக்கலாம். டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கினாலும் ஏறத்தாழ இதே குணம் காட்டும். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கீறல் விழுந்தால் கரும்புகை வரும். இஜிஆர் வால்வில் கரி அடைத்தாலும் வரும். குளோ பிளக் போனால் குளிரில் முரண்டு பிடிக்கும். சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் எந்த நாசிலை மாற்றியும் பயனில்லை. ஆகவே சில நூறு ரூபாய் ஃபில்டரை முதலில் மாற்றுங்கள். ஹோஸ்களைக் கையால் தடவி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய், எந்தச் சிலிண்டருக்குக் கம்ப்யூட்டர் அதிகமாகத் திருத்தம் கொடுக்கிறது என்று கேளுங்கள். சில நூறு ரூபாயில் பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்து, டீசல் வாடையும் அடித்தால், ஏதோ ஒரு நாசில் மூடாமல் ஒழுகிக்கொண்டிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள். ஒழுகும் நாசில் பிஸ்டனின் தலையைச் சுட்டு ஓட்டை போட்டுவிடும். அதன் பிறகு பேச்சு நாசிலோடு நிற்காது, இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.

அடுத்த சோதனை ரிட்டர்ன் சோதனை. இதை வீட்டில் செய்யலாம். ஒவ்வொரு நாசிலும் பீய்ச்சியது போக மீதியுள்ள கொஞ்சம் டீசலை ஒரு சின்னக் குழாய் வழியே டாங்கிக்குத் திருப்பி அனுப்பும். உள்ளே தேய்ந்த நாசில் நிறையத் திருப்பி அனுப்பும். நான் மருந்துக்கடையில் 100 மில்லி இருமல் மருந்து பாட்டில்கள் நான்கு வாங்கி, கழுவிக் காயவைத்து, நாசிலின் ரிட்டர்ன் வாய்க்குச் சேரும் தெளிவான பிளாஸ்டிக் குழாய்களைப் பொருத்தினேன். டாங்கிக்குப் போகும் பழைய ரிட்டர்ன் குழாயின் வாயையும் அடைத்தேன். இன்ஜினை ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டேன். மூன்று பாட்டில்களில் 15, 20 மில்லி அளவில் டீசல் நின்றது. மூன்றாம் சிலிண்டர் பாட்டிலில் 70 மில்லியைத் தாண்டிவிட்டது. அறுபதாயிரம் ரூபாய்ப் பேச்சு அந்த ஒரு பாட்டிலில் முடிந்தது. நான்கில் ஒன்றுதான் கெட்டிருந்தது.

இந்தச் சோதனையின்போது ரெயிலிலிருந்து நாசிலுக்குப் போகும் எஃகுக் குழாய்களின் பக்கம் கை போகவே கூடாது. கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். பீசோ வகை நாசில் உள்ள வண்டி என்றால் இதைச் செய்யாதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு ரிட்டர்ன் பக்கமும் அழுத்தம் தேவை, பாட்டில் சோதனை பொய் சொல்லும். அந்த நாசில்களுக்குப் போகும் மின்சாரம் 100 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், இன்ஜின் ஓடும்போது அவற்றின் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்ப்பதும் ஆபத்து. உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பம்ப் கடை அண்ணன் என்னை அனுப்பும்போது சொன்ன வாசகம் இது: ‘மெக்கானிக் எல்லாம் வேலை முடிச்சுட்டுத்தான் கை கழுவுவாங்க தம்பி. நாசில் வேலைக்கு மட்டும் முன்னாடியே கழுவணும்.’

ஏன் என்று அவர் காட்டினார். பழைய நாசில் ஒன்றின் முனையை லென்ஸின் கீழே வைத்தார். டீசல் வெளியேறும் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். உள்ளே ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். முடியை இருபது இழையாகக் கிழித்தாலும் ஒரு இழை அந்த இடைவெளிக்குள் போகாது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில், சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 2,000 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாசிலும் குறைந்தது பன்னிரண்டு கோடி முறை திறந்து மூடியிருக்கும். அத்தனை நுணுக்கமாக உழைக்கும் பொருளுக்கு ஒரு துளி மண் போதும், ஆயுள் முடிந்துவிடும்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் இருக்கும் பனியன் வேஸ்ட் உங்கள் வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும். திருப்பூரிலிருந்து வரும் அந்தத் துணிதான் நம் மெக்கானிக் தொழிலின் கைக்குட்டை. எந்த வேலைக்கும் அதை எடுங்கள், இந்த வேலைக்கு மட்டும் எடுக்காதீர்கள். அதிலிருந்து உதிரும் நூல் இழை குழாய் வாயில் புகுந்தால் நேரே புது நாசிலுக்குள் போகும். நூல் உதிராத துடைப்புத் தாளோ, துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணியோ வைத்துக்கொள்ளுங்கள். திறந்த குழாய் வாய்க்குள் துணியைத் திணிக்காதீர்கள். பிளாஸ்டிக் மூடிகள் விற்கிறார்கள். இல்லாவிட்டால் சுத்தமான ரப்பர் உறையை மாட்டி ரப்பர் பேண்டு போடுங்கள். கழற்றுவதற்கு முன்னதாகவே நாசில்களைச் சுற்றி இருக்கும் மண்ணையும் கரியையும் பிரஷ்ஷால் தளர்த்தி வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். காற்று வீசும் நாளில், லாரி போகும் தெருவோரத்தில் இந்த வேலை வேண்டாம்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டியை அணைத்ததும் ரெயிலில் அழுத்தம் உடனே இறங்கிவிடாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கூடவே பத்து நிமிடம் சேர்த்துக் காத்திருங்கள். நான் முதல் நாள் இரவே வண்டியை நிறுத்தி, காலையில்தான் தொட்டேன். அப்போதும் முதல் நட்டைத் தளர்த்தும்போது அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினேன், கண்ணாடி அணிந்திருந்தேன், முகத்தை விலக்கி வைத்திருந்தேன்.

எஃகுக் குழாயின் நட்டைத் தளர்த்தும்போது ஒரு ஸ்பேனர் போதாது. நாசில் உடலில் இருக்கும் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாசிலே திருகிக்கொள்ளும். சாக்கெட்டைக் கழற்றுங்கள், ரிட்டர்ன் குழாயின் கிளிப்பை நீக்குங்கள், கிளாம்ப் போல்ட்டைக் கழற்றுங்கள். இதுவரை அரை மணி நேர வேலை. இனிமேல்தான் பொறுமைக்குச் சோதனை.

நாசில் வராது. பத்து வருடமாகச் சிலிண்டர் ஹெட்டில் உட்கார்ந்திருக்கும் நாசில், இழுத்தவுடன் வந்துவிடாது. அதன் அடியில் இருக்கும் செப்பு வாஷர் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த புகை, தார் போலக் கறுத்து, நாசிலைச் சுற்றி இறுகியிருக்கும். ‘புஸ் புஸ்’ என்ற சத்தமும், ஏசி போட்டால் கேபினுக்குள் வரும் புகை வாடையும் அந்தக் கசிவின் அடையாளம். துரு இளக்கும் ஸ்பிரேயை முதல் நாள் மாலை அடித்து ஊறவிடுங்கள். காலையில் திரும்ப அடியுங்கள். ஸ்பேனரால் நாசில் உடலைப் பிடித்து இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். மேல் தலையில் இருக்கும் மின்காந்தப் பகுதியைப் பிடித்து இழுத்தால் அது உடைந்து கையோடு வரும். சுத்தியலால் தட்டவே கூடாது. இப்படி இரண்டு மணி நேரம் ஆட்டியும் அசையவில்லையா? நிறுத்திவிடுங்கள். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு, நாசில் பிடுங்கும் கருவி வைத்திருப்பவரிடம் போங்கள். ஹெட்டுக்குள் நாசில் முறிந்தால் ஆகும் செலவு, நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்ததைவிடப் பெரியது.

என் நாசில் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வந்தது. எடுத்துப் பார்த்தேன். முனையில் செப்பு வாஷர் இல்லை. டார்ச் அடித்துத் துளைக்குள் எட்டிப் பார்த்தேன். கரிக்கு நடுவே ஒரு மங்கலான செம்பு வளையம் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இது மிகவும் முக்கியமான இடம், நண்பர்களே. இதைக் கவனிக்காமல் புது வாஷரோடு புது நாசிலை இறக்கினால் இரண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். முனை உள்ளே நீட்டிக்கொள்ளும் அளவு மாறிவிடும். டீசல் பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடம் தவறும். புகையும் சத்தமும் முன்பைவிடக் கூடும். நுனி வளைத்த மெல்லிய கம்பியில் கிரீஸ் தடவி, அந்த வளையத்தை மெல்ல மெல்ல நெம்பி எடுத்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. அதற்கு இருபது நிமிடம் ஆனது.

பிறகு வாஷர் உட்காரும் தளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கென்று கையால் சுற்றும் கட்டர் கிடைக்கும். அதன் பற்களில் கிரீஸ் அப்பிக்கொண்டால் கரித்தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், சிலிண்டருக்குள் விழாது. உலோகத்தை அறுப்பது நோக்கமல்ல. கரி போய்த் தளம் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். இதில் அவசரப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் மறுபடியும் ‘புஸ் புஸ்’ சத்தம் வரும்.

மாட்டும்போது வாஷர் புதிது, ஓ-ரிங் புதிது. அதே தடிமன் வாஷர்தானா என்று பழையதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கிளாம்ப் போல்ட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று புத்தகம் சொன்னால் அதையும் வாங்குங்கள். முதலில் நாசிலை உட்காரவைத்து, எஃகுக் குழாயின் நட்டைக் கைவிரலால் முழுக்கச் சுற்றிவிடுங்கள். நாசில் தன் இடத்தைத் தானே நேர்செய்துகொள்ளும். அதற்குப் பின் கிளாம்ப்பை இறுக்குங்கள், கடைசியில் குழாய் நட்டை இறுக்குங்கள். இரண்டுக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். ‘கை அளவு தெரியும்’ என்பது இந்த இடத்தில் உதவாது. குறைந்தால் கசியும், கூடினால் இழை போகும். எண் எவ்வளவு என்று நான் இங்கே எழுதவில்லை; வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ள எண்தான் உங்களுக்குச் சரி.

அடுத்து ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால் இறுகும்வரை அமுக்குங்கள். டாங்கிக்குள் மின்பம்ப் உள்ள வண்டி என்றால் சாவியைப் பலமுறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். இன்ஜின் பிடித்ததும் சந்தோஷத்தில் குனிந்து, குழாய் இணைப்பை விரலால் தடவிக் கசிவு பார்ப்பது மனித இயல்பு. அந்த ஒரு நொடிக்குத்தான் நான் பயப்படுகிறேன். கசிவு பார்க்க நீளமான அட்டைத் துண்டை இணைப்பருகே நீட்டுங்கள். கசிந்தால் அட்டை நனையும், சில சமயம் கிழியும். கசிவு தெரிந்தால் இன்ஜினை அணைத்து, காத்திருந்து, பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். ஓடும்போது நட்டை இறுக்குவதும் தளர்த்துவதும் ஒரே குற்றம்.

வேலை முடிந்ததென்று நினைக்கும் இடத்தில் இன்னொன்று பாக்கி. புது நாசிலின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். ஒவ்வொரு நாசிலும் பிறக்கும்போதே சற்றே கூடுதலாகவோ குறைவாகவோ பீய்ச்சும். அந்த வித்தியாசத்தைச் சொல்வதுதான் குறியீடு. பல வண்டிகளில் அதை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால் குலுங்கும், புகையும், ‘புது நாசிலும் மோசம்’ என்று தவறான முடிவுக்கு வருவீர்கள். மாட்டுவதற்கு முன்பே அந்தக் குறியீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். மாட்டிய பிறகு படிக்க முடியாது.

ஒரு கோடு இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கே. கழற்றிய நாசிலைச் சுத்தம் செய்யலாம் என்று கிண்ணத்து டீசலில் ஊறப்போட்டுத் திருகைத் திறக்காதீர்கள். ஊசி எந்தப் பக்கம் இருந்தது, எந்த ஷிம் எத்தனை மைக்ரான் என்பதெல்லாம் வீட்டில் அளக்க முடியாதவை. பேட்டரி வயரைத் தொட்டு நாசிலைத் திறந்து ஸ்பிரேயால் அடிக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்சு இருக்கிறது. குறைந்த அழுத்தம், நடு அழுத்தம், முழு அழுத்தம் என்று ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு பீய்ச்சியது, எவ்வளவு திரும்பியது என்று தாளில் அச்சடித்தே தருவார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். புதிது வாங்குவதா, ரீகண்டிஷன் வாங்குவதா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ பெட்டியைத் தொடாதீர்கள். பிஎஸ்6 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: அழுத்தமும் கூடுதல், புகைக்குழாயில் உள்ள வடிகட்டியும் நாசிலின் நலத்தைச் சார்ந்தது. அதை வாசலில் செய்ய வேண்டாம்.

கடைசியாக, விரலைப் பற்றி. எப்படியோ தவறு நடந்து, உயர் அழுத்த டீசல் கையில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் ஒரு முள் குத்தியதுபோல் சின்னப் புள்ளிதான் இருக்கும். பெரிதாக வலிக்காது, ரத்தமும் வராது. மஞ்சள் தடவி, பேண்டேஜ் ஒட்டி, வேலையைத் தொடர்ந்தவர்கள்தான் விரலை இழக்கிறார்கள். தோலுக்குள் புகுந்த டீசல் தசைநாண் உறை வழியே உள்ளங்கை வரை ஊடுருவி, சில மணி நேரத்தில் திசுக்களைச் சாகடிக்கத் தொடங்கும். வீக்கமும் வலியும் வரும்போது நேரம் கடந்திருக்கும். வழக்கமாக அடிபடுவது, நாம் ஸ்பேனர் பிடிக்காத கையின் ஆள்காட்டி விரல். அந்தப் புள்ளியைப் பார்த்த நிமிடமே கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஊர் எதுவானாலும், அவசரப் பிரிவில் ‘குத்திவிட்டது’ என்று சொல்லாதீர்கள். ‘உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது’ என்று சொல்லுங்கள். அந்த வாக்கியம் உங்களை வரிசையில் காத்திருக்காமல் உள்ளே கொண்டுபோகும்.

மாற்றிய பழைய நாசிலை நான் தூக்கிப் போடவில்லை. பம்ப் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டில்களில் பிடித்த டீசலையும் சாக்கடையில் ஊற்றாமல் அங்கேயே கொடுத்துவிட்டேன். அவர் நாசிலைப் பெஞ்சில் ஏற்றி, தாளை நீட்டினார். ரிட்டர்ன் அளவு அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு. இருமல் மருந்து பாட்டில் சொன்னது சரிதான்.

நண்பர்களே, சொந்த வண்டியைச் சொந்தக் கையால் சரிசெய்வது நல்ல பழக்கம். அதை விட்டுவிடாதீர்கள். உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இந்த மடலைப் படித்த பிறகு, உங்கள் தெருவிலோ உறவிலோ யாராவது ஒருவர், பழைய பழக்கத்தில், ஓடுகிற காமன் ரெயில் இன்ஜினில் நாசில் நட்டைத் தளர்த்தக் குனிவதைப் பார்த்தால், அவர் வயதில் பெரியவராக இருந்தாலும், நாற்பது வருட மெக்கானிக்காக இருந்தாலும், போய்க் கையைப் பிடித்து நிறுத்துங்கள். எனக்கு ஒருவர் போனில் அதைச் செய்தார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்